மூணு ஊரு கோடும் ஒரு திருநாள் சட்டியும்

ஸ்லைடு இருக்கான்னு கேட்டீங்க. இல்ல. முப்பது வருஷத்துக்கு மேல சுகாதார இன்ஸ்பெக்டரா இந்த நெகிரி செம்பிலான் மாநிலத்துல கடை கடையா, தோட்டம் தோட்டமா அலைஞ்சவ நான். கடைசி நாலு வருஷம் உங்கள மாதிரி கம்ப்யூட்டர் ஆளுங்களோட மல்லுக்கட்டியே ஓடிப்போச்சு. ரிட்டையர் ஆகி ரஹாங்ல நிம்மதியா உட்கார்ந்திருந்தவளக் கூப்பிட்டு, உங்க அனுபவத்தச் சொல்லுங்க புவான்னு மரியாதையாச் சொல்லி மைக்கக் கையில குடுத்துட்டீங்க. சரி, சொல்றேன். முதல்ல போனையெல்லாம் கவுத்து வைங்க.

இந்த யூனிட்டுக்குப் புதுசா வந்தவங்களுக்காக ஒரு வார்த்தை. வயிறு சரியில்லாதவன் முதல்ல டாக்டரத் தேடிப் போறதில்ல. கக்கூஸ்ல உட்கார்ந்துக்கிட்டே போன்ல தேடுறான். வாந்திக்கு என்ன மருந்து, கெட்டுப்போன மீன் தின்னா என்ன ஆகும், பக்கத்துல எந்தக் கிளினிக் திறந்திருக்குன்னு தட்டுறான். யாரு தட்டுனான்னு நமக்குத் தெரியாது. எந்த ஊர்ல எவ்வளவு தட்டுறாங்கன்னு மட்டும் ஒரு கோடா வரும். வழக்கத்தவிட ஏறுனா, அந்த ஊர்ல ஏதோ சாப்பாடு கெட்டிருக்கலாம். கிளினிக்லேருந்து நம்ம மேசைக்குக் காகிதம் வர ரெண்டு மூணு நாளாகும். கோடு அன்னைக்கே ஏறிடும். அவ்வளவுதான் இந்த வித்தை. இதுக்கு எத்தனை மீட்டிங், எத்தனை கரிப்பாப்பு பலகாரம், கடவுளே.

இந்தக் கோட்ட நான் முதல்ல நம்புனேன். நம்பித்தான் கெட்டேன். ஒரு நாளு மந்தின்ல கோடு விறுவிறுன்னு ஏறுச்சு. உணவு நஞ்சாகுறது எப்படி, அறிகுறி என்ன, காரணம் என்னன்னு ஊரே தேடுது. நான் ரெண்டு பேரக் கூட்டிக்கிட்டுப் பறந்தேன். பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல ஒரு மலாய்க்கார அம்மா, எல்லாருக்கும் மக்சிக், நாசி லெமாக் சோத்துக் கடை போட்டிருந்தாங்க. பிள்ளைங்க எல்லாம் அங்கதான் வாங்கித் திங்குறாங்கன்னு கேள்விப்பட்டதும், கடைய மூட வச்சு, சம்பல எடுத்து போத்தல்ல அடைச்சு, அந்த அம்மாவ அழ வச்சுட்டேன். கடைசியில பள்ளிக்கூடத்துக்குள்ள போய் விசாரிச்சா, படிவம் மூணு வகுப்பு டீச்சர் பிள்ளைங்களுக்கு உணவு நஞ்சப் பத்தி ப்ராஜெக்ட் குடுத்திருக்காங்க. மறுநாள் கடைசித் தேதி. மொத்தப் படிவமும் ஒரே ராத்திரியில தேடியிருக்கு. ஒருத்தனுக்கும் வயித்து வலி இல்ல.

மக்சிக்கிட்டப் போய் மன்னிப்புக் கேட்டேன். பரவால்லன்னு சொல்லி எனக்கே ஒரு பொட்டலம் கட்டிக் குடுத்தாங்க. எனக்குத்தான் அவமானம் தாங்கல. அன்னையிலேருந்து யாரு என்கிட்ட கோடு ஏறுது புவான்னு வந்தாலும், யாரு வீட்டு ஹோம்வொர்க்காம்னு கேட்டு வாயடைச்சு அனுப்பிருவேன். ஆப்பிஸ்ல எல்லாரும் சிரிப்பாங்க. எனக்கும் அது ஒரு மிதப்பா இருந்துச்சு. ஒரு தடவ சூடு பட்டதும் நான் புத்திசாலி ஆயிட்டேன்னு நெனப்பு. உங்கள்லயும் அப்படி ரெண்டு மூணு பேரு இருக்கீங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். லாபு பக்கத்துல நான் பிறந்த ரப்பர் தோட்டம். தோட்டத்த வித்து, லயத்து வீட்டையெல்லாம் இடிச்சு, சனங்க எல்லாம் எப்பவோ போயாச்சு. சுத்தி இப்போ செம்பனை எண்ணெய் மரம். எங்க மாதா கோயில் மட்டும் நடுவுல தனியா நிக்குது. வருஷத்துல ஒரு ஞாயித்துக்கிழமை திருநாளுக்கு எல்லாரும் திரும்பி வருவோம். பூசை முடிஞ்சதும் ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும். எங்க ஆளுங்க சாப்பிட்டுட்டு வெறுங்கையோட போக மாட்டாங்க. வர முடியாதவங்களுக்குப் பொட்டலம் கட்டியே ஆகணும். ஓவர்டைம் போன மருமகனுக்கு ஒண்ணு, முட்டி வலிக்குதுன்னு படுத்திருக்கிற அக்காவுக்கு ஒண்ணு, பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு ஒண்ணு. திருநாள் சாப்பாடு வீட்டுக்கு வரலன்னா திருநாளே வரலன்னு அர்த்தம்.

அதோட இன்னொரு பழக்கம். ஒரு பெரிய சட்டி நிறையக் குழம்பத் தொடாம எடுத்து வச்சிருவாங்க. அது மறுநாள் திங்கக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு லாபுல இருக்கிற ஒரு முதியோர் இல்லத்துக்குப் போகும். அங்க இருபது பேருக்கு மேல பெரியவங்க இருந்தாங்க. பாதிப் பேரு அதே தோட்டத்துல பால் மரம் வெட்டுனவங்க. வருஷம் பூரா கஞ்சியும் அவிச்ச காயும் தின்னு நாக்கு செத்துப்போய், அந்த ஒரு சட்டிக்காகக் காத்திருப்பாங்க. அவங்கள்ல ஒருத்தரு சவரிமுத்து. தோட்டத்துல வேலைய மேய்க்கிற மண்டோரா இருந்தவரு. எங்க அப்பாவ வேலைக்குச் சேத்துவிட்டவரு. இனிப்பு நீர் வியாதி வந்து, சாப்பாட்டுக்கு முன்னாடி ஊசி போட்டுக்கிட்டு, சக்கர நாற்காலியில இருந்தாரு. மக ரோசலின் மந்தின்லேருந்து வாராவாரம் வந்து பாத்துட்டுப் போவா.

நான் சொல்ற வருஷம் நானும் திருநாளுக்குப் போனேன். பன்னெண்டு மணிக்கு, அடுப்புலேருந்து இறக்குன சூட்டோட சாப்பிட்டேன். ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டேன், மறைப்பானேன்.

மறுநாள் காலைல எட்டு மணிக்கு ஆப்பிஸ்ல நஸ்ரின் என் மேசைக்கு வந்தா. நஸ்ரின் எங்க யூனிட்டுக்குப் புதுசா வந்த பொண்ணு. மந்தின்ல அவ அத்தாவுக்கு, அதான் அப்பாவுக்கு, சாப்பாட்டுக் கடை. இவ மட்டும் புள்ளிவிவரம் படிச்சுட்டு வந்து எங்க உயிர வாங்கிக்கிட்டு இருந்தா. மந்தின், லாபு, ரஹாங் மூணு இடத்துலயும் விடியக்காலைலேருந்து கோடு ஏறுதுன்னா. பெரிசா ஒண்ணுமில்ல, ஒவ்வொண்ணும் ஒரு விரக்கடை ஏத்தம். திங்கக்கிழமை காலைல எம்சி லீவு எடுக்கக் கிளினிக் தேடாத ஆளு இந்த நாட்டுல உண்டாம்மான்னு கேட்டேன்.

"எம்சிக்கு இல்ல புவான். உப்பும் சீனியும் எப்படிக் கலக்கிக் குடிக்கிறதுன்னு தேடுறாங்க."

யாரு வீட்டு ஹோம்வொர்க்காம்னு கேட்டேன். பக்கத்து மேசையில ரெண்டு பேரு சிரிச்சாங்க. அவ சிரிக்கல. லேப்டாப்ப மூடாம அப்படியே தூக்கிக்கிட்டுப் போயிட்டா.

எட்டே முக்காலுக்கு முதியோர் இல்லத்து மேட்ரன் எனக்குப் போன் பண்ணாங்க. நல்ல மனுஷி, எதையும் கேட்டுத்தான் செய்வாங்க. அவங்க சமையல்கட்டுல வேலை செய்யிற பொண்ணு முதல் நாளு திருநாள் பொட்டலத்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் சாயங்காலம் சாப்பிட்டிருக்கு. ராத்திரியெல்லாம் வயித்தால போய், இன்னைக்கு வேலைக்கு வரல. கோயில்லேருந்து சட்டி பத்து மணிக்கு வந்துரும், பெரியவங்களுக்குக் குடுக்கலாமான்னு என்னக் கேட்டாங்க. கேக்க வேண்டிய கேள்விய, கேக்க வேண்டிய ஆளுகிட்ட, கேக்க வேண்டிய நேரத்துல கேட்டாங்க. அதுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"நானே ரெண்டு தடவ சாப்பிட்டேன், குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். தாராளமாக் குடுங்க."

எழுதி வச்சுக்குங்க, இதுக்கு ஸ்லைடு வேணாம். நம்ம வயிறு ஒரு சாட்சியே இல்ல. நான் சாப்பிட்டது மத்தியானம், சூடா. அந்தப் பொண்ணு சாப்பிட்டது சாயங்காலம், பொட்டலத்துலேருந்து. ரெண்டும் வேற வேற சாப்பாடு. இதத்தான் நான் வருஷக்கணக்கா கடைக்காரங்களுக்கு வகுப்பெடுத்தேன். நீங்க சாப்பிட்டீங்களான்னு யாரு கேட்டா, எத்தனை மணிக்குச் சாப்பிட்டாங்கன்னுதான் கேக்கணும்னு தொண்டை கிழியக் கத்துனவ நான். நம்ம கோயிலு, நம்ம ஆளுங்க சமைச்சதுன்னு வந்ததும் எல்லாம் காத்துல போச்சு.

ஒம்பதரைக்கு நஸ்ரின் மறுபடியும் வந்தா. இந்தத் தடவ ஒரு காகிதத்துல படம் வரைஞ்சு எடுத்துட்டு வந்தா. மந்தினுக்கும் லாபுக்கும் நடுவுல நீலாய் இருக்கு, அங்க கோடு படுத்துக் கிடக்கு. சிரம்பான் டவுனுக்குள்ளயும் ரஹாங் பக்கம்தான் ஏத்தம், மத்த குடியிருப்புத் தாமான்ல எதுவும் இல்ல. ஒரு கடைச் சாப்பாடுன்னா ஒரு ஊர்லதான் ஏறணும். தண்ணி கெட்டுப்போச்சுன்னா எல்லா இடத்துலயும் ஏறணும். இது ரெண்டும் இல்ல. தேடுறதுல பாதி தமிழ்ல தேடுறாங்கன்னு வேற சொன்னா. சொல்லிட்டு ஒரு கேள்வி கேட்டா பாருங்க.

"இந்த மூணு ஊருக்கும் ஒண்ணுக்கொண்ணு என்ன சம்பந்தம் புவான்?"

அந்தக் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. நஸ்ரினுக்கும் தெரியாது. அந்தக் கட்டடத்துலயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். எங்க தோட்டம் உடைஞ்சப்போ சனங்க எங்க போய்க் குடியேறுனாங்க? கொஞ்சம் பேரு லாபுலயே இருந்துட்டாங்க, கொஞ்சம் பேரு மந்தின், மிச்சம் எல்லாம் எங்கள மாதிரி ரஹாங். ஞாயித்துக்கிழமை அத்தனை பொட்டலமும் அந்த மூணு ஊருக்குத்தான் போயிருக்கு.

தெரியலயேம்மான்னு சொன்னேன்.

ஆமா, பொய்தான். ஏன் அப்படி உத்துப் பாக்குறீங்க? நீங்க யாரும் சொன்னதில்லயா? அந்த நிமிஷத்துல எனக்குச் சவரிமுத்து ஞாபகம் வரல. இருபது பெரியவங்க ஞாபகம் வரல. மாதா கோயில் சாப்பாட்டால ஊருக்கே வயித்தாலன்னு நாளைக்குப் பேப்பர்ல வருமே, அதுல கையெழுத்துப் போடுறவ நானாச்சேன்னுதான் தோணுச்சு. சமையலுக்குப் பொறுப்பா இருந்தவரு என் ஒண்ணுவிட்ட அண்ணன் வேற. ஒரே ஒரு கிளினிக்காவது உறுதியாச் சொல்லட்டும், ஒரு நோயாளி பேராவது கையில கிடைக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டுனேன். நஸ்ரின தண்ணி இலாகாவுக்குப் போன் போட்டு விசாரின்னு விரட்டிவிட்டேன். அங்க ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சே விரட்டுனேன்.

ரஹாங்ல ஒரு கிளினிக்குக் கூப்பிட்டேன், லைன் கிடைக்கல. இன்னொண்ணுக்குக் கூப்பிட்டேன், டாக்டர் பிஸி, அப்புறம் பேசுறாருன்னாங்க. டாக்டர் ஏன் காலங்காத்தால அவ்வளவு பிஸின்னு எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கல. மேலதிகாரிக்குச் சொல்லலாமான்னு யோசிச்சேன், என்னன்னு சொல்றதுன்னு யோசிச்சேன். கடைசியில அண்ணனக் கூப்பிட்டேன். குழம்பு எத்தனை மணிக்குச் சமைச்சதுன்னு பட்டும் படாம விசாரிச்சேன். விடியக்காலைல நாலு மணிக்கு ஆரம்பிச்சதாம். அந்தத் தனிச் சட்டிய ஒருத்தரும் தொடலயாம். மூடிபோட்டு, துணியச் சுத்தி, சூடு போகாம அடுப்பு மேலயே வச்சிருந்தாங்களாம். ராத்திரி பூராவுமான்னு கேட்டேன். அவருக்கோ கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "மாதா சாப்பாட்டையா சந்தேகப்படுற? நீயும் நல்லாத்தானே தின்ன?"ன்னு கேட்டு வச்சுட்டாரு.

போன வச்சுட்டுத் திரும்புனா நஸ்ரின் பின்னாடி நிக்கிறா. எவ்வளவு நேரமா நின்னான்னு தெரியல. மெதுவாச் சொன்னா, எங்க அத்தா கடையில பெரிய சட்டிக் குழம்ப அப்படியே மூடி வைக்கவே மாட்டாங்க, சின்னச் சின்னப் பாத்திரத்துல பிரிச்சு ஊத்தி ஆற வச்சுருவாங்கன்னு. மூடுன சட்டி நடுவுல ராத்திரி பூரா வெதுவெதுன்னு இருக்கும், கிருமிக்கு அதவிட நல்ல வீடு எங்க கிடைக்கும்னா. எனக்கே பாடம். அதுவும் நான் எடுக்குற பாடம்.

"அந்தச் சட்டி இப்போ எங்க புவான்?"

மணி பத்தே முக்கால். அப்பத்தான் எனக்குப் புத்தி வந்துச்சு. முதியோர் இல்லத்துக்குப் போன் அடிச்சேன், ஒருத்தரும் எடுக்கல. ஒரு ஆளு குறைச்சல், மேட்ரனே சமையல்கட்டுல நிக்கிறாங்கன்னு எனக்கெங்க தெரியும். கார்ச் சாவிய எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் காடிக்கு ஓடுனோம். வழி பூரா நஸ்ரின் திரும்பத் திரும்பப் போன் அடிச்சுக்கிட்டே வந்தா. மத்தியானச் சாப்பாடு பன்னெண்டு மணிக்குத்தானே, போயிரலாம் போயிரலாம்னு நான் சொல்லிக்கிட்டே ஓட்டுனேன்.

பன்னெண்டு மணிதான். ஆனா ஊசி போட்டுக்கிறவங்களுக்கு அங்க பதினொரு மணிக்கே சாப்பாடு குடுத்துருவாங்க. நாங்க உள்ள நுழையும்போது பதினொண்ணே கால். நாலு பேரு சாப்பிட்டு முடிச்சிருந்தாங்க. அதுல சவரிமுத்து ஒருத்தரு. எலும்ப உறிஞ்சிக்கிட்டு இருந்தவரு என்னப் பாத்ததும் தட்டத் தூக்கிக் காட்டி, இந்த வருஷம் காரம் சரியா விழுந்திருக்கு, உங்க அண்ணன்கிட்டச் சொல்லுன்னாரு.

மிச்சச் சட்டிய அவங்க கண்ணு முன்னாடியே எடுத்துட்டுப் போனோம். ஒரு கிழவி என்ன வாய்க்கு வந்தபடி ஏசுனாங்க. வருஷத்துக்கு ஒரு தடவ வர்ற சோறு, அதுலயும் மண்ணள்ளிப் போடுறியேன்னு கேட்டாங்க. மேட்ரன் என்னப் பாத்த பார்வைதான் அதவிட மோசம். நீங்கதானே சொன்னீங்கன்னு கேட்ட மாதிரி இருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி நாலு பேருல மூணு பேருக்கு வயித்தால. ரெண்டு பேரு ரெண்டு நாள்ல தேறிட்டாங்க. சவரிமுத்துக்கு உடம்புல இருந்த தண்ணியெல்லாம் போய், சிறுநீரகம் கைவிட்டு, அஞ்சாம் நாளு ஆஸ்பத்திரியில இறந்துட்டாரு. பொட்டலம் சாப்பிட்டவங்க மூணு ஊர்லயும் இருந்தாங்க, எல்லாரும் பொழைச்சுக்கிட்டாங்க. சட்டியிலயும் பொட்டலத்துலயும் ஒரே கிருமின்னு லேப் சொல்லுச்சு. அப்புறம் மீட்டிங் போட்டு, தேடல் கோட்ட வச்சு நோய முன்கூட்டியே பிடிச்சுட்டோம்னு எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாராட்டிக்கிட்டாங்க. எனக்கு அங்கயே கத்தணும் போல இருந்துச்சு. என்ன முன்கூட்டி? யார முன்கூட்டி?

அறிக்கைய நஸ்ரின்தான் டைப் பண்ணா. மேட்ரன் எனக்குப் போன் பண்ணதையும், நான் குடுக்கலாம்னு சொன்னதையும் விட்டுட்டா. எழுதும்மான்னேன். ஃபார்ம்ல அதுக்குக் கட்டம் இல்ல புவான்னா. அவ நல்ல மனசுலதான் சொன்னா, நான்தான் எரிஞ்சு விழுந்தேன். கட்டம் இல்லன்னா ஓரத்துல எழுதுன்னு பக்கத்துல நின்னு எழுத வச்சேன்.

அதனால உங்களுக்கு நான் சொல்றது இதுதான். கோட்டுக்குக் கேக்கத்தான் தெரியும். பதிலு ஊருக்குள்ள பொழங்குற ஒருத்தன் வாயிலதான் இருக்கு. அந்த வாயே பொய் சொல்லுச்சுன்னா கோட்ட வச்சு நாக்கு வழிக்கவா? இன்னொண்ணு. என்ன கிருமி, யாரு தப்பு, லேப் என்ன சொல்லுதுன்னு முதல்ல ஓடாதீங்க. அடுத்த தட்டு எங்க போகுதுன்னு பாத்து, அத நிறுத்துங்க. தப்பா நிறுத்துனா அசிங்கம்தான். மக்சிக்கிட்ட மன்னிப்புக் கேட்ட மாதிரி போய்க் கேட்டுக்கலாம். கேக்க ஆளு உயிரோட இருக்கணும், அவ்வளவுதான்.

சவரிமுத்துவ ரஹாங்ல இப்போ நாங்க போற கோயில்லதான் வச்சிருந்தாங்க. அடக்கத்துக்குப் போனேன். ரோசலின் என் கையப் பிடிச்சுக்கிட்டா. அப்பாவுக்குக் கடைசியாப் பிடிச்ச சாப்பாடு கிடைச்சுச்சுக்கா, நீங்க ஓடி வந்ததாலதான் மத்தவங்களாச்சும் தப்பிச்சாங்கன்னு எனக்கு நன்றி சொல்றா. தாங்க முடியல. குடுக்கலாம்னு சொன்னதே நான்தாம்மான்னு சொல்லிட்டேன்.

அப்போ உங்களுக்கு விஷயம் தெரியாதுல்லக்கான்னா அவ. என் கைய விடல. எனக்கு ஆறுதல் சொல்றா, பாவி. எப்போ தெரிஞ்சுச்சுன்னு கேட்டா.

ஒம்பதரைக்குன்னேன்.

"அப்பா பதினொரு மணிக்குத்தானே சாப்பிட்டாரு."

கோபமாச் சொல்லல. நேரத்தச் சரி பாக்குற மாதிரித்தான் சொன்னா. சொல்லிட்டு என் கையிலேருந்து அவ கைய எடுத்துக்கிட்டா.